நிதிப் பகுப்பாய்வாளர் வேலையை உள்ளபடி சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து எனக்குப் போன் வந்துகொண்டே இருக்கிறது. பெரியம்மா, சித்தி, அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "பாப்பாவை பி.காம் சேர்த்திருக்கோம், உன்னை மாதிரி ஃபைனான்ஷியல் அனலிஸ்ட் ஆகணும்ங்கறா, எந்த கோர்ஸ்ல போடலாம்?" அவர்கள் கையில் நாளிதழின் கல்வி வழிகாட்டிப் பக்கம் இருக்கிறது. அதில் கோட் போட்ட ஒரு பையன் பச்சையும் சிவப்புமாக எண்கள் ஓடும் திரைகளுக்கு முன்னால் கைகட்டி நிற்கிறான். பங்குச் சந்தை, வெளிநாடு, லட்சங்களில் சம்பளம் என்று கீழே எழுதியிருக்கிறது. பதினோரு வருடமாக நான் இந்த வேலையில் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு திரையை நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்தப் பெயரில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பங்குத் தரகு நிறுவனத்திலோ மியூச்சுவல் ஃபண்டிலோ உட்கார்ந்து, எந்தக் கம்பெனியின் பங்கு தேறும், எது தேறாது என்று ஆராய்வது ஒன்று. இன்னொன்று ஒரு கம்பெனிக்குள்ளேயே இருந்துகொண்டு அந்தக் கம்பெனியின் வரவு செலவைப் பார்த்து, பட்ஜெட் போட்டு, அடுத்த மூன்று மாதம் எப்படிப் போகும் என்று நிர்வாகத்துக்குச் சொல்வது. கோவையிலும் சென்னையிலும் பி.காம் முடித்த பிள்ளைகளுக்கு வருகிற வேலைகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. நானும் அதில்தான் இருக்கிறேன். எந்த ஷேர் வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனியாக இருந்தால், காலாண்டு முடிந்த நாளிலிருந்து ரிசல்ட் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை எங்கள் கம்பெனிப் பங்கையே நாங்கள் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் விதி அது. உள்ளே இருக்கிற கணக்கை எல்லோருக்கும் முன்னால் பார்த்துவிடுகிறோம் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள், அது சரியும்கூட.

சரி, அப்படியென்றால் நாள் முழுக்க என்னதான் செய்கிறோம்? ஒரு உதாரணத்தோடு சொன்னால்தான் புரியும். பம்பு செய்யும் கம்பெனி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், கோவைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மாதத்துக்கு 10,000 பம்பு, ஒன்று 4,000 ரூபாய், ஆக 4 கோடி விற்பனை என்று பட்ஜெட்டில் போட்டிருக்கிறோம். மாதம் முடிந்து பார்த்தால் 9,200 பம்புதான் போயிருக்கிறது, ஆனால் சராசரி விலை 4,150 கிடைத்திருக்கிறது. விற்பனை 3 கோடியே 81 லட்சத்து 80 ஆயிரம். மொத்தத்தில் 18 லட்சத்து 20 ஆயிரம் குறைவு. இதை அப்படியே விட்டுவிட்டால் அது கணக்குப்பிள்ளை வேலை. நாங்கள் இதைப் பிரிக்கிறோம். எண்ணிக்கை 800 குறைந்ததால் 32 லட்சம் போச்சு, விலை 150 ரூபாய் கூடியதால் 13 லட்சத்து 80 ஆயிரம் வந்தது. இதுவரைக்கும் எக்செல் செய்துவிடும், கல்லூரியில் கற்றுக்கொடுத்ததும் இதுவரைக்கும்தான். 800 பம்பு ஏன் போகவில்லை என்ற கேள்வியில்தான் எங்கள் வேலையே ஆரம்பிக்கிறது. கோடை மழை முந்திப் பெய்ததால் போர்வெல் மோட்டாருக்கு டீலர் ஆர்டர் போடவில்லையா, ஆர்டர் இருந்தும் பம்புக்கான இரும்பு வார்ப்பு வராமல் லைன் நின்றதா, இல்லை எல்லாம் தயாராகி லாரி கிடைக்காமல் கடைசி இரண்டு நாள் சரக்கு கிடங்கிலேயே கிடந்ததா? மூன்றுக்கும் எண் ஒன்றுதான், மைனஸ் 32 லட்சம். ஆனால் லாரி கிடைக்காததுதான் காரணம் என்றால் அடுத்த மாதம் அந்த விற்பனை வந்துவிடும். மழை காரணம் என்றால் இந்த சீசனுக்கு வரவே வராது. முதலாளி வங்கியில் போய் என்ன சொல்லப்போகிறார், இரும்புக்கு ஆர்டர் போடுவதா நிறுத்துவதா என்பதெல்லாம் இந்த ஒரு பதிலைப் பொறுத்தது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு ஸ்டோர்ஸ் அறையில். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் இருக்கும். ஆகஸ்ட் மாத மூலப்பொருள் செலவு பட்ஜெட்டைவிட 11 லட்சம் கூடியிருந்தது. மூன்று நாள் கணினி முன்னால் உட்கார்ந்து விலையைப் பிரித்தேன், எடையைப் பிரித்தேன், எந்த மாடல் எவ்வளவு தின்றது என்று பிரித்தேன், காரணம் பிடிபடவில்லை. எங்கள் காஸ்ட் அக்கவுண்டண்ட் சார் வந்து, "எந்திரிச்சு ஸ்டோர்ஸுக்குப் போம்மா" என்றார். ஸ்டோர்ஸ் அண்ணன் சீட்டைப் பார்த்துவிட்டு இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்: "அம்மிணி, இந்த வார்ப்பு எல்லாம் ஜூலை முப்பதாந்தேதியே வந்துருச்சுங்க. இன்ஸ்பெக்ஷன் தம்பி லீவு. லைன் நிக்குதுன்னு அப்படியே எடுத்துக் குடுத்துட்டோம், ஜி.ஆர்.என். ரெண்டாந்தேதிதான் போட்டோம்." ஜி.ஆர்.என். என்பது சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குப் போடும் சீட்டு. அவ்வளவுதான் விஷயம். ஜூலையில் பயன்படுத்திய பொருள் ஆகஸ்ட் செலவில் ஏறியிருந்தது. ஜூலை லாபம் உண்மையைவிட அதிகம், ஆகஸ்ட் லாபம் உண்மையைவிடக் குறைவு. ஜூலை நன்றாக இருக்கிறது என்று நான்தான் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து மாதக் கடைசி நாள் நான் சீட்டில் இருக்கமாட்டேன். கேட் என்ட்ரி புத்தகம், ஸ்டோர்ஸ், டிஸ்பாட்ச், மூன்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். இங்கிலீஷ் வராது என்று பயந்துகொண்டு இந்த வேலைக்கு வராமல் இருக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், நாங்கள் எழுதும் மெயில் நான்கு வரி, அதில் வருகிற வார்த்தைகள் ஒரு ஐம்பது இருக்கும், ஆறு மாதத்தில் பழகிவிடும். ஆனால் ஸ்டோர்ஸ் அண்ணனிடமும் ஃபவுண்டரி சூப்பர்வைசரிடமும், அவர்கள் பாஷையில், அவர்களைக் குற்றம் சொல்வது போல் இல்லாமல் பேசி விஷயத்தை வாங்குவது எல்லோருக்கும் வராது. நல்ல ஆங்கிலத்தோடு வந்து இந்த இடத்தில் தடுமாறுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எக்செல் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, நாளில் பாதி அதில்தான் போகிறது. அது தவறு செய்யாது, நாம் தவறு செய்தால் வாய் திறந்து சொல்லவும் செய்யாது. பொருளாதாரப் பேராசிரியர்கள் இருவர், கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப், அரசுக் கடன் அதிகமானால் நாட்டின் வளர்ச்சி என்ன ஆகும் என்று 2010-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அரசாங்கங்கள் செலவைக் குறைக்கவேண்டும் என்று வாதாடியவர்கள் பல நாடுகளில் அதை எடுத்துக்காட்டினார்கள். 2013-இல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அந்த எக்செல் கோப்பை வாங்கிப் பார்த்தபோது, சராசரி எடுக்கும் ஃபார்முலா 20 நாடுகளில் 15-ஐ மட்டுமே சேர்த்திருந்தது தெரியவந்தது. ஐந்து வரிசை விட்டுப்போயிருக்கிறது. அந்தக் கட்டுரையில் வேறு குறைகளும் இருந்தன, ஆனால் இது ஒன்றுபோதும் நமக்கு. நானும் ஒருமுறை ஒரு வரிசையை விட்டிருக்கிறேன், 14 லட்சம் ரூபாய் லாரி வாடகை. ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோது சந்தேகம் வந்தது. லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன், கை நடுங்கிவிட்டது. மேனேஜருக்கு அப்போதே போன் செய்து சொன்னேன். அவர் திட்டவில்லை. காலையில் மீட்டிங்குக்கு முன்னால் சொன்னாயே, அதுபோதும் என்றார். அப்படி ஒரு மேலதிகாரி கிடைப்பது பெரிய விஷயம், எல்லோரும் அப்படி இல்லை.

இனி எழுதப்போவதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிற விஷயம்.

என் அப்பா கோவை கணபதிப் பகுதியில் இரண்டு லேத் வைத்து ஜாப் ஆர்டர் செய்தவர். பெரிய கம்பெனிகள் இரும்பைக் கொடுத்து அனுப்பும், இவர் கடைந்து கொடுப்பார். வேலை முடிந்து பில் போட்டால் பணம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சனிக்கிழமையானால் ஆட்களுக்குக் கூலி கொடுக்கவேண்டும். அப்பா மத்தியானத்திலிருந்து கம்பெனி அக்கவுண்ட்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டே இருப்பார். "அடுத்த வாரம் பாக்கலாங்க" என்று பதில் வரும். அம்மாவின் வளையல் அடகுக்குப் போனதும் வந்ததும் அந்த அடுத்த வாரத்தைப் பொறுத்துத்தான்.

நான் படித்து முடித்து ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். இது அங்கே 2018 மார்ச் மாதம் நடந்தது. ஆண்டுக் கடைசியில் பேலன்ஸ் ஷீட்டில் ரொக்கக் கையிருப்பு நன்றாகத் தெரியவேண்டும், அதனால் சப்ளையர்களுக்குக் கொடுக்கவேண்டியதை ஏப்ரலுக்குத் தள்ளச் சொல்லி மேலே முடிவாகிவிட்டது. யார் யாருக்கு நிறுத்தலாம் என்று பட்டியல் போடும் வேலை என்னிடம் வந்தது. இரும்பு தருகிற பெரிய கம்பெனிக்கு நிறுத்த முடியாது, அவன் சரக்கை நிறுத்திவிடுவான். மின்வாரியத்துக்கு நிறுத்த முடியாது. பட்டியலில் கடைசியில் மிஞ்சியவர்கள் எல்லாம் கணபதி, ஆவாரம்பாளையம், சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கத்துச் சின்னப் பட்டறைகள். சப்ளையருக்குச் சராசரியாக எத்தனை நாள் கழித்துப் பணம் கொடுக்கிறோம் என்று ஒரு கணக்கு உண்டு. அது 58 நாளிலிருந்து 74 நாளாகக் கூடியது. எங்கள் தொழிலில் அது கூடினால் நல்லது, நம் பணம் நம்மிடமே இருக்கிறது என்று அர்த்தம். நிர்வாகத்துக்குக் காட்டும் ஸ்லைடில் பச்சை அம்புக்குறி போடவேண்டும். நான்தான் போட்டேன்.

போட்டுவிட்டுப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாகத் தரவேண்டும், இந்த 74 நாளுக்கு அந்த வட்டியை நாம் கணக்கில் எடுக்கவில்லை என்று எழுதினேன். மீட்டிங்குக்கு முன்னால் ஸ்லைடைப் பார்த்த அந்தக் கம்பெனி மேலதிகாரி, இந்த வரி தேவையில்லை, எடுத்துவிடு என்றார். எடுத்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது, வீட்டில் கடன் இருந்தது. காரணம் எத்தனை சொன்னாலும் எடுத்தது நான்தான். அன்றைக்கு அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. அடுத்த வருடம் அந்த இடத்தை விட்டு வந்துவிட்டேன். அப்பாவும் லேத்தை விற்றுவிட்டார்.

அப்புறம் 2023 நிதிச் சட்டத்தில் வருமான வரிச் சட்டத்தின் 43-பி பிரிவில் ஒரு விதியைச் சேர்த்தார்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள், கொடுக்காமல் ஆண்டுக் கடைசியில் பாக்கி வைத்திருக்கும் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது, பணத்தைக் கொடுக்கிற ஆண்டில்தான் காட்டலாம். 2024 மார்ச்சில் முதல்முறையாகச் சின்னப் பட்டறைகளுக்கு அக்கவுண்ட்ஸிலிருந்தே போன் போனது, "உங்க உத்யம் சர்டிஃபிகேட் அனுப்புங்க" என்று. குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் பதிவு செய்ததற்கான சான்று அது. நான் இப்போது இருக்கும் கம்பெனியில் அந்தப் பட்டியலையும் நான்தான் போட்டேன். இந்தமுறை யாருக்கு முதலில் கொடுக்கவேண்டும் என்ற பட்டியல். இத்தனை வருடத்தில் நான் மனதாரச் செய்த வேலை எது என்று கேட்டால் அதைச் சொல்வேன். அதே சமயம், இந்த விதியால் தங்களுக்கு வந்துகொண்டிருந்த ஆர்டரைக் கம்பெனிகள் நிறுத்திவிட்டதாகவும், உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வந்தால்தான் வேலை என்று கேட்டதாகவும் அப்பாவின் நண்பர்கள் சிலர் சொன்னார்கள். சட்டம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஸ்லைடில் அந்த ஒரு வரியை எழுதவும் எழுதியதை எடுக்காமல் இருக்கவும் ஆட்கள் வேண்டியிருக்கிறது.

எண்ணைக் "கொஞ்சம் சரிசெய்" என்று சொல்வது எங்கே போய் முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு தானே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார், கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று. ஆரம்பத்தில் உண்மை லாபத்துக்கும் காட்டிய லாபத்துக்கும் இடையே சிறிய இடைவெளிதான் இருந்தது, வருடா வருடம் அது வளர்ந்துவிட்டது, புலி மேல் ஏறியவன் இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருப்பது போல ஆகிவிட்டது என்று அவரே எழுதியிருந்தார். வேலைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் அந்தக் கடிதத்தைப் படிக்கச் சொல்கிறேன். அந்தச் சிறிய இடைவெளி இருந்த முதல் காலாண்டில், யாரோ ஒருவர் ஒரு எக்செல் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார்தானே, அவரைப் பற்றித்தான் நான் அடிக்கடி நினைப்பேன்.

குடும்பத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், இதை எந்த வழிகாட்டிப் பக்கமும் சொல்வதில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் ஐந்து வேலை நாள் எங்களுடையது இல்லை. பட்டியலிட்ட கம்பெனி என்றால் காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் ரிசல்ட் கொடுக்கவேண்டும், ஆண்டுக் கணக்குக்கு 60 நாள். இந்தத் தேதிகளை நம் காலண்டரில் வைத்துப் பாருங்கள். பொங்கல், மூன்றாம் காலாண்டு. சித்திரைப் புத்தாண்டு, ஆண்டுக் கணக்கு. ஆடிப்பெருக்கு, முதல் காலாண்டு. தீபாவளி அக்டோபர் நடுவில் வந்தாலும் நவம்பரில் வந்தாலும் இரண்டாம் காலாண்டு. என் மகள் பிறந்த பிறகு ஒரு ஏப்ரலில் தொடர்ந்து ஒன்பது நாள் இரவு பதினொன்றுக்கு மேல்தான் வீடு வந்தேன், என் மாமியார் இல்லையென்றால் நான் வேலையை விட்டிருப்பேன். அப்படி விட்டுப்போன தோழிகள் பலர், எல்லோரும் என்னைவிடக் கணக்கில் கெட்டி. பெண் பிள்ளைகளிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். கம்பெனிகளிடமும் கேளுங்கள், ஐந்து நாள் வேலையை ஒன்பது நாள் இரவாக ஆக்குவது யார் என்று. பாதி நேரம் மற்ற துறைகள் விவரம் தரத் தாமதிப்பதாலும், கடைசி நிமிடத்தில் ஸ்லைடின் அமைப்பை மாற்றச் சொல்வதாலும்தான் அது நடக்கிறது.

கோர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன், பெற்றோர் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். சி.எஃப்.ஏ. என்பது முதலீட்டு ஆய்வுக்கான மூன்று நிலைத் தேர்வு, கட்டணம் டாலரில். பங்கு ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு அது நல்லது, கம்பெனிக்குள் வேலை பார்க்க அது கட்டாயம் இல்லை. தொழிற்சாலைப் பக்கம் வருவதாக இருந்தால் பி.காமோடு சி.எம்.ஏ. என்கிற செலவுக் கணக்குப் படிப்பில் இன்டர் நிலை வரைக்கும் முடித்தவர்களை எங்கள் ஊரில் விரும்பி எடுக்கிறார்கள். மூன்று மாதத்தில் ஃபைனான்ஷியல் மாடலிங், வேலை உறுதி என்று லட்சக்கணக்கில் வாங்குகிற இடங்களுக்குக் கடன் வாங்கிக் கட்டாதீர்கள், அங்கே சொல்லித்தருகிற எக்செல்லை வேலைக்கு வந்து ஒரு காலாண்டில் கற்றுக்கொள்ளலாம். ஏ.ஐ. வந்துவிட்டதே, இந்த வேலை இருக்குமா என்றும் கேட்கிறார்கள். ரிப்போர்ட் எடுப்பது ஏற்கெனவே பாதி தானாக நடக்கிறது, இன்னும் நடக்கும். ஜூலை முப்பதாம் தேதி வந்த வார்ப்பைப் பற்றி ஸ்டோர்ஸ் அண்ணனிடம் இன்னும் யாராவது போய்க் கேட்டாகவேண்டும்.

கல்லூரிகளுக்கும் உங்கள் வழியாக ஒரு வேண்டுகோள். இண்டஸ்ட்ரியல் விசிட் என்று பஸ் பிடித்துப் போய் வாசலில் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதை விட்டுவிட்டு, மூன்றாம் வருட பி.காம் மாணவர்களை ஒரு மாதம் ஏதாவது ஒரு சின்னப் பட்டறையில் பில் எழுத உட்காரவையுங்கள். கோவையில் பட்டறைக்கா பஞ்சம்? பில் போடுவது, ஜி.எஸ்.டி. கட்டுவது, பணத்துக்குப் போன் செய்வது, சனிக்கிழமை கூலி கொடுப்பது, இந்த நான்கையும் ஒரு மாதம் செய்து பார்த்த பிள்ளைக்கு 74 நாள் என்றால் என்ன என்று யாரும் விளக்கவேண்டியிருக்காது.

முழுக் கடிதத்துக்கும் இடம் இருக்காது, எனக்குத் தெரியும். பம்பு கணக்கு, எக்செல் கதை, கோர்ஸ் விவரம் எதை வேண்டுமானாலும் சுருக்கிக்கொள்ளுங்கள். பட்டறைகளுக்குப் பணத்தை நிறுத்திவைத்ததைப் பற்றி எழுதிய பகுதியை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள். வேலையில் இருப்பதால் பெயரை வெளியிடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பீளமேடு, கோவை.